யார் கொடுத்தது என்று பார்த்தா நன்றி சொல்வது?

பெற்றோர்களே, கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஷோகேஸில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி நிற்கிறதே ஒரு பிளாஸ்டிக் மயில், அது யார் கொடுத்தது? பிரித்த செலோ டேப்பை மறுபடி ஒட்டி, "யாருக்காவது வெச்சுக் குடுத்துக்கலாம்" என்று பரணில் தூக்கிப் போட்டீர்களே ஒரு சுவர்க் கடிகாரம், அது யார் கொடுத்தது?

நானே சொல்லிவிடுகிறேன். மயில் உங்கள் மேலதிகாரி வீட்டிலிருந்து வந்தது. கடிகாரம் ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டுகிற உங்கள் சித்தப்பா மகன் கொடுத்தது. மயிலின் கொண்டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வயிற்றில் இருக்கும் லைட் வந்த வாரமே அணைந்துவிட்டது. கடிகாரம் பேட்டரி போட்டால் இன்றைக்கும் ஓடும். ஆனாலும் மயில் கூடத்தில், கடிகாரம் பரணில்.

எங்கள் வீட்டில் மயிலே கிடையாது என்று தப்பிக்காதீர்கள். மயில் இல்லாவிட்டால் ஒரு குதிரை, ஒரு பேனா ஸ்டாண்டு, ஒரு போட்டோ ஃபிரேம். எந்தப் பொருள் எங்கே வைக்கப்படுகிறது என்பதைப் பார்த்தே அந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு மரியாதை என்று சொல்லிவிடலாம். உங்கள் பிள்ளைகளுக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும். தினமும் அதைப் பார்த்துத்தானே வளர்கிறார்கள்.

வீட்டை இப்படி வைத்துக்கொண்டு, பிள்ளைகள் பரிசைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்று பள்ளிக்கூட வாசலில் நின்று புலம்புகிறோம். "எங்க நாத்தனார் ஆசையா வாங்கிட்டு வந்ததை, 'இது எங்கிட்ட ஏற்கெனவே இருக்கு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. எங்க போய் முட்டிக்கிறதுன்னே தெரியல" என்கிறார் ஒரு அம்மா. பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கும் அப்பாவுக்கோ இதுவே பெருமை. "எம் பையன் ரொம்ப ஓப்பன். மனசுல பட்டதைப் பட்டுனு சொல்லிடுவான்." இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அந்த அம்மா அடுத்த பிறந்தநாளைக்குள் பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கிவிடுவார். இந்த அப்பா துடுக்குக்கு உண்மை என்று பேர் வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆடி பிறந்துவிட்டால் நம் மேட்டூரில் விருந்தாளிக்குப் பஞ்சமில்லை. ஒண்ணாம் தேதி தேங்காய் சுடுவதில் தொடங்கிப் பதினெட்டாம் பெருக்கு வரை எடப்பாடி, தாரமங்கலம், ஓமலூர், இளம்பிள்ளை, அந்தப் பக்கம் குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று எல்லாத் திக்கிலிருந்தும் சொந்தங்கள் வந்து இறங்கும். காவிரியில் முங்கி எழுந்து, அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிட்டு, பூங்காவில் பிள்ளைகளை ஊஞ்சலாடவிட்டு, பொரித்த மீனை நின்றபடியே தின்றுவிட்டு, பொழுது சாய நம் வீட்டுப் படியேறுவார்கள். கையில் ஒரு பை இல்லாமல் வர மாட்டார்கள். நம் ஜனங்களின் குணம் அது.

போன ஆடியில் ஒரு வீட்டில் அப்படி வந்த பையைப் பார்த்தேன். தறிப் பட்டறையில் தார் சுற்றுகிற சித்தி, அக்கா மகளுக்கென்று சேலம் சின்னக் கடை வீதியில் எடுத்து வந்த கவுன். ரோஸ் நிறம், மேலே நெட்டு, கழுத்தைச் சுற்றிச் சம்கி. விலைச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார். தாள் போய்விட்டது, பசை போகவில்லை. அந்தப் பசையில் பஸ் தூசி ஒட்டிக் கறுப்பாக ஒரு சதுரம் தெரிந்தது. சுரண்டிய இடத்தில் சித்தியின் கண் இரண்டு மூன்று தடவை போய்ப் போய் வந்தது.

பையை அங்கேயே பிரிக்கச் சொன்னது அம்மா. செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தது அப்பா. பிள்ளை கவுனைத் தன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "இது எனக்குப் பத்தாது. நெட்டு குத்தும். நல்லால்ல" என்றது. மூன்றில் முதல் இரண்டும் சத்தியமான உண்மை. அம்மாவின் கை பிள்ளையின் முதுகுப் பக்கம் போனது. "சூப்பரா இருக்குன்னு சொல்லுடி. சித்திக்குத் தேங்க்ஸ் சொல்லு." கண்ணில் தண்ணி முட்ட, "சூப்பரா இருக்கு சித்தி" என்றது பிள்ளை. சித்திக்கா புரியாது? "அடுத்த வாட்டி பெரிசா எடுத்தாரேன் கண்ணு" என்றார். வீடியோவில் எல்லாம் பதிவானது.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். அரை மணி கழித்து, அந்த வீட்டுக்காரர் வேலை பார்க்கும் இடத்து அதிகாரியின் டிரைவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதிகாரி வரவில்லை. உள்ளே, போன வருஷத் தேதி போட்ட ஒரு டைரி, ஒரு பேனா ஸ்டாண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு! "பாத்தியாடி, சார் உன்னை ஞாபகம் வெச்சு அனுப்பியிருக்கார்" என்று அம்மா அதைத் தூக்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். கிள்ளல் இல்லை, கண்ணீர் இல்லை. கவுன் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை அன்றைக்குப் படித்த பாடம், பரிசு பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றியதே இல்லை. சின்ன ஆளின் பரிசைக் குறை சொல்லலாம், மாட்டிக்கொண்டால் மட்டும் பொய் சொல்ல வேண்டும். பெரிய ஆளின் பரிசுக்குக் குறையே கிடையாது. இதுதான் பாடம். நடத்தியது அம்மாவும் அப்பாவும்.

ஆள் மூலம் பரிசு வருகிற இதே அனுபவம் நமக்குப் பக்கத்து ஊரில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவருக்கு நேர்ந்திருக்கிறது. மேச்சேரி, தொப்பூர் வழியாகப் போனால் வருகிற தருமபுரிதான் சங்க காலத்துத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அதியமான் என்றதும் பிள்ளைகள் நெல்லிக்கனி என்று கை தூக்குவார்கள். ஔவைக்குக் கொடுத்தது அது. பெருஞ்சித்திரனார் என்ற புலவருக்குக் கொடுத்தது வேறு. மலைகளையெல்லாம் தாண்டி, பரிசில் பெற வந்த புலவரை அதியமான் பார்க்கவில்லை. இதைக் கொடுத்து அனுப்புங்கள் என்று ஆள் மூலம் பரிசு வந்தது. பெருஞ்சித்திரனார் தொடவில்லை. என்னைப் பார்க்காமலேயே என்னை எப்படித் தெரிந்துகொண்டான், நான் சரக்கு விற்க வந்த வியாபாரி இல்லையே, என்னை மதித்து, என் தரம் அறிந்து கொடுத்தால் தினையளவு கொடுத்தாலும் எனக்கு இனிக்கும் என்று பாடி வைத்துவிட்டுப் போய்விட்டார். புறநானூற்றில் 208-ஆவது பாட்டு. அதியமான் ஏதோ கதைப் பாத்திரம் என்று நினைக்க வேண்டாம். அவன் துறவிகளுக்கு உறைவிடம் கொடுத்ததைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு திருக்கோவிலூர் பக்கத்தில் ஜம்பையில் 1981-ல் கண்டுபிடிக்கப்பட்டது. கொடுப்பதில் அவ்வளவு பேர் பெற்றவன்தான். அவனிடமே, டிரைவர் கையில் கொடுத்தனுப்பாதே என்று சொன்னவர் பெருஞ்சித்திரனார்.

இவருக்கு இது ஒரு தடவை நடந்ததல்ல. வெளிமான் என்ற வள்ளல் சாகும் தறுவாயில் இவருக்குப் பரிசு கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனான். தம்பி இளவெளிமான் கொஞ்சமாகக் கொடுத்தான். அதையும் வாங்கவில்லை. பக்கத்தில் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி, உள்ளே மகிழ்ச்சி இல்லாமல் முகம் திரிந்து கொடுப்பதை ஊக்கம் கெட்டவன்தான் வாங்குவான், கிளம்பு நெஞ்சே என்று நடந்துவிட்டார். நேரே முதிரமலைக் குமணனிடம் போனார். குமணன் யானையே கொடுத்தான். மனுஷர் அந்த யானையை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்து இளவெளிமான் ஊர்க் காவல் மரத்தில் கட்டிவிட்டு, பார், கொடுப்பவனும் இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார். குசும்புக்கும் ஓர் அளவு இருக்கிறது! ஏமாற்றம் தந்த பரிசுக்கு இப்படி ஒரு பதிலை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

"ஓப்பன்" பையனின் அப்பா இங்கே எழுந்து கை தட்ட வேண்டாம். பெருஞ்சித்திரனார் யாரிடம் பேசினார் என்று பாருங்கள். நாடு வைத்திருப்பவனிடம், யானையும் ஆளும் அம்பும் வைத்திருப்பவனிடம் பேசினார். அவர் வீட்டில் வறுமை. வாங்காமல் போனால் பட்டினி கிடக்கப் போவது அவர்தான். அப்படி இருந்தும் சொன்னார். அவர் எடை போட்டதும் பொருளை இல்லை, கொடுப்பவனின் முகத்தை. உங்கள் பையனின் வெளிப்படைப் பேச்சு அப்படி ஒரு டிரைவர் கொண்டுவரும் பெட்டிக்கு முன்னால் எங்கே போகும்? வாரக் கூலியில் மிச்சம் பிடித்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பிள்ளையின் கன்னத்தைத் தடவிக் கொடுத்த சித்தியிடம் மட்டும்தான் வருமா? எளியவரிடம் மட்டும் வெளிப்படுகிற உண்மைக்கு நம் ஊரில் வேறு பேர் உண்டு. எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

கிள்ளுகிற அம்மாவிடம் வருகிறேன். பிடிக்காத பரிசு கையில் வந்தால் குழந்தை என்ன செய்கிறது என்று பார்க்க உளவியலாளர்கள் ஒரு சோதனையே வைத்திருக்கிறார்கள். 1984-ல் கரோலின் சார்னி என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டது முக்கியமானது. ஒன்று, மூன்று, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் தடவை மிட்டாயும் காசும் கொடுத்து, அடுத்த தடவை கைக்குழந்தை விளையாடுகிற பொம்மையைக் கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகள், அதிலும் பையன்கள், முகத்தில் அப்படியே காட்டினார்கள். வயதில் மூத்த பெண் பிள்ளைகள் சிரித்துச் சமாளித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து பமேலா கோல் என்பவர் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தார். மூன்று, நான்கு வயதுப் பெண் குழந்தைகளே கொடுத்தவர் எதிரில் இருக்கும்போது சிரித்தன. அவர் அந்தப் பக்கம் போனதும்தான் முகம் தொங்கியது. 2007-ல் கனடாவைச் சேர்ந்த விக்டோரியா தல்வாரும் உடன் ஆய்ந்தவர்களும் பிள்ளைகள் கையில் பரிசென்று கொடுத்தது ஒரு சோப்புக் கட்டி. மூன்று வயது முதல் பதினொன்று வரையான அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர், கொடுத்தவர் கேட்டபோது, பிடித்திருக்கிறது என்றே சொன்னார்கள். வயது ஏற ஏற இது கூடியது. பெற்றோர் முன்கூட்டியே எப்படி நடந்துகொள்வது என்று விவரமாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் பேச்சும் முகமும் இன்னும் பொருத்தமாக அமைந்தன.

அதாவது, பிள்ளை எப்படியும் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும். அதற்கு உங்கள் நகம் தேவையே இல்லை. என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

இன்னொன்றும் அந்த ஆய்வுகளில் குத்துகிறது. மூன்று வயதிலேயே பெண் குழந்தை சிரிப்பை மாட்டிக்கொள்கிறது. நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? ஒரே சோப்புக் கட்டியைத் தம்பி தூக்கி எறிந்தால் "பாரேன், கோவத்தை" என்று சிரிக்கிறோம். அக்கா முகம் சுண்டினால் "நாளைக்குப் போற வீட்ல இப்பிடித்தான் இருப்பியா?" என்று அதட்டுகிறோம். போகிற வீட்டில் பிடிக்காததையெல்லாம் சிரித்தபடி வாங்கிக்கொள்ள அவளைத் தயார் செய்கிறோம் என்றால், அது பண்பாடு சொல்லிக் கொடுப்பதில்லை. பையன் இருக்கிற வீட்டுக்காரர்களே, நன்றி சொல்லும் பாடத்தை முதலில் அவனுக்கு நடத்துங்கள்.

பொய் சொன்னால்தான் என்ன, யாருக்கும் கெடுதல் இல்லையே, வள்ளுவரே அனுமதித்திருக்கிறாரே என்று ஒருவர் கட்டாயம் கிளம்புவார். வாய்மை அதிகாரத்தை எடுத்து மறுபடி படியுங்கள். குற்றமில்லாத நன்மை விளைந்தால் என்று அவர் போட்ட நிபந்தனை லேசானதில்லை. "சூப்பரா இருக்கு" என்ற பொய்யால் யாருக்கு என்ன நன்மை விளைந்தது? சித்தி நம்பவில்லை. பிள்ளைக்கு முதுகு வலித்தது. ஒருவேளை நம்பியிருந்தால் அடுத்த வருஷமும் அதே நெட்டு கவுன் வந்திருக்கும், ஒரு சைஸ் பெரிதாக.

வேறு எங்கிருந்தோ நாம் இரவல் வாங்கிய ஒரு பழக்கமும் இதில் சேர்ந்துகொண்டது. கொடுத்தவர் கண்ணெதிரே பொட்டலத்தைப் பிரிப்பது. நம் பக்கத்தில் அப்படிக் கிடையாது. தாம்பூலத் தட்டோ துணிப் பையோ, இரண்டு கையாலும் வாங்கி, "எதுக்குங்க இதெல்லாம், நீங்க வந்ததே போதும்" என்று சொல்லிக்கொண்டே சாமி படத்தடியில் வைத்துவிடுவோம். உள்ளே என்ன என்று ராத்திரிதான் தெரியும். வருகிற ஏமாற்றம் வீட்டோடு முடியும். கொடுத்தவருக்குத் தர்மசங்கடம் இல்லை, பிள்ளைக்கு நடிப்பு இல்லை. எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு! இப்போது யூடியூபில் யாரோ பெட்டி பிரிப்பதைப் பார்த்துவிட்டு, நம் கூடத்தையும் ஸ்டுடியோ ஆக்கி, ஏழு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேராகச் செல்போனைப் பிடித்து "ரியாக்‌ஷன்" எடுக்கிறோம். எடுத்ததை ஸ்டேட்டஸில் வேறு போடுகிறோம். பரிசு கொடுத்தவரும் அதைப் பார்ப்பார் என்ற நினைப்பாவது இருக்கிறதா? இந்த ஆடிக்குச் செல்போனைச் சட்டைப்பையில் வையுங்கள். பையைப் பிள்ளையே உள்ளே கொண்டுபோய் வைக்கட்டும்.

பழசையெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. சீரில் வந்த குடம் லேசாக இருந்தது என்று வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். தலையாடிக்கு மாப்பிள்ளையை அழைத்து வைத்த சீர் போதவில்லை என்று புது மருமகளை இடித்துக் காட்டுகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. கேட்டு வாங்குவதைச் சீர் என்று சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அது வேறு. பரிசைப் பார்த்து ஒரு பிள்ளை முகம் சுளிப்பதைப் பெரிய குற்றமாகப் பேசுகிற நாம், முப்பது பவுனைப் பார்த்து முகம் சுளிக்கிற பெரியவர்களோடு பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கிறோம். பிள்ளை பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மொய் நோட்டையும் இதில் போட்டுக் குழப்பாதீர்கள். மொய் நேர்மையான கணக்கு. நான் உனக்கு 501 வைத்தால் நீ எனக்குத் திருப்பி வைக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும், பேரோடும் ஊரோடும் எழுதியும் வைக்கிறோம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் இதற்கென்றே மொய்விருந்து நடத்துகிறார்கள். அது ஊர் கூடி நடத்துகிற கடன். அதில் அவமானம் ஒன்றுமில்லை. குழந்தைக்கு வந்த பொம்மையில் அந்தக் கணக்கைப் போடுவதுதான் கேவலம். "அவங்க பொண்ணுக்கு நாம வெள்ளிக் கொலுசு வெச்சோம், அவங்க என்னடான்னா கலர் பென்சில் டப்பாவோட வந்து நிக்கிறாங்க." வண்டியில் முன்னால் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டே இதைப் பேசுகிறோம். அது காற்று வாங்கிக்கொண்டு வருகிறது என்று நினைப்பு.

உண்மையை உரக்கச் சொல்ல வேண்டிய இடம் எது என்றும் பிள்ளைக்குக் காட்டுங்கள். 2022 பொங்கலுக்கு ரேஷன் கடையில் 21 பொருள் அடங்கிய தொகுப்பு கொடுத்தார்கள். வெல்லம் உருகி ஒழுகுகிறது, தரம் சரியில்லை என்று பல ஊர்களில் புகார் எழுந்தது. பரிசு என்று பேர் போட்டிருந்தாலும் அது நம் வரிப்பணம். குறை இருந்தால் சொல்ல வேண்டும், வரிசையில் நின்றபடியே சொல்ல வேண்டும். அதில் நாகரிகக் குறைவு ஒன்றுமில்லை. எத்தனை பேர் அன்றைக்குப் பிள்ளை பார்க்க வாய் திறந்தோம்? "நமக்கெதுக்கு வம்பு, குடுக்கிறதை வாங்கிட்டு வா" என்றோம். மேலே வாயை மூடிக்கொள்வது, கீழே வாயைத் திறப்பது. பெருஞ்சித்திரனார் செய்ததற்கு நேர் தலைகீழ். அவர் வந்து போன ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

சரி, என்னதான் செய்வது என்கிறீர்களா? ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விருந்தாளி வருவதற்கு முன்னால் பிள்ளையை உட்காரவைத்து, "அவங்க கொண்டாரது உனக்குப் பிடிக்காமயும் போகலாம் கண்ணு. பிடிச்ச மாதிரி நடிக்க வேண்டாம். வாங்க சித்தின்னு கூப்பிடு, கொண்டாந்ததுக்கு நன்றி சொல்லு, பஸ்ல உக்கார எடம் கெடைச்சுதான்னு கேளு" என்று சொல்லுங்கள். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சித்தி வந்தது பிள்ளைக்கு நிஜமாகவே சந்தோஷம். இத்தனை தூரம் சுமந்து வந்ததற்கு நன்றி சொல்வதும் நிஜம். பரிசு எப்படி என்று பிள்ளை தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவைப்பது நாம்தான்.

ராத்திரி எல்லோரும் போன பிறகு, "எனக்கு அந்தக் கவுன் பிடிக்கலம்மா" என்று பிள்ளை சொல்லும். சொல்லவிடுங்கள். "ஐயோ, அப்படிச் சொல்லக் கூடாது, பாவம்" என்று வாயை அடைக்காதீர்கள். "நானும் பாத்தேன், பத்தாதுதான்" என்று நீங்களும் உண்மையைச் சொல்லுங்கள். அதோடு, சித்தி எத்தனை நாள் தார் சுற்றினால் அந்தக் காசு சேரும் என்பதையும் சொல்லுங்கள். மிரட்டுகிற குரலில் வேண்டாம், கணக்காகச் சொல்லுங்கள். மறுவாரம் சித்தி ஊருக்குப் போகும்போது பிள்ளையைப் பட்டறைக்கும் ஒரு எட்டு கூட்டிக்கொண்டு போங்கள். அந்தச் சத்தத்தில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தால், பிள்ளையே அந்தக் கவுனை வேறு கண்ணோடு பார்க்கும். பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. பிடிக்காததைப் பிடிக்காது என்று நினைக்க அதற்கு உரிமை உண்டு.

பரணில் இருக்கும் கடிகாரத்தை இறக்கி மாட்டுங்கள் என்று உங்களை நான் வற்புறுத்தப் போவதில்லை. உங்கள் சுவர், உங்கள் விருப்பம். ஆனால் கடிகாரம் பரணில் கிடந்தால் மயிலும் அங்கேயே கிடக்கட்டும். மயில் கூடத்துக்கு வந்தால் கடிகாரமும் வரட்டும். டிரைவர் கொண்டுவந்த டைரிக்கு எவ்வளவு நன்றி சொன்னீர்களோ, அதைவிட ஒரு வார்த்தையாவது கூடுதலாக, நேரில் வந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யலாம். "நல்லால்ல" என்பது அபிப்பிராயம், அதை மனசோடு வைத்துக்கொள்ளுங்கள். "பத்தல" என்பது அளவு, அதை மறைக்காதீர்கள். சித்திக்குப் போன் போட்டு, "கவுன் சின்னதாப் போச்சு, மாத்திக்கலாமா?" என்று பிள்ளையையே பேசவையுங்கள். பிள்ளை அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதானே அவர் வாங்கினார்? பில் இருந்தால் கடையில் மாற்றித் தருவார்கள். பில் சித்தியிடம்தான் இருக்கும்.